இரகசியச் சகோதரத்துவத்தில் ஒரு முதிய சிப்பாய்: அவர் ஏன் கடுகடுக்கிறார், எப்படி விலகுவார்

கேட்கப்பட்ட கேள்வி இது. பிரெஞ்சுப் புரட்சியைக் களமாகக் கொண்டு ஒருவர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் கற்பனையான ஓர் இரகசியச் சகோதரத்துவம் வருகிறது. அதன் மூத்த உறுப்பினர் பல போர்களைக் கண்ட, யாருக்கும் முகங்கொடுத்துப் பேசாத பழைய சிப்பாய். இளம் நாயகனுக்கு ஆயுதப் பயிற்சி தருபவரும் அவரே. எத்தனை முறை திருத்தி எழுதினாலும் அவர் வெறும் சிடுமூஞ்சியாகவே வந்து நிற்கிறார் என்றும், நிஜத்தில் இப்படிப்பட்ட ஒருவர் எப்படி இருந்திருப்பார் என்றும், கடைசியில் அவர் சகோதரத்துவத்துக்கு எதிராகத் திரும்புவதாகக் காட்டினால் நம்பும்படி இருக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

நம்பும்படி இருக்கும். ஆனால் அதற்கு அவருடைய கடுகடுப்பைப் பிறவிக்குணமாக எழுதுவதை விட்டுவிட்டு நினைவாக எழுத வேண்டும். அவர் எரிந்து விழும் ஒவ்வோர் இடத்துக்கும் பின்னால், எப்போதோ ஒரு களத்தில் யாரோ செய்த பிழையால் அவருக்குப் பக்கத்தில் நின்றவன் செத்த கதை ஒன்று இருக்க வேண்டும். அந்தக் கதைகளை நாவலில் சொல்ல வேண்டியதில்லை. எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். அவற்றைப் புனைய நீங்கள் சிரமப்படவும் வேண்டாம், அந்தக் காலத்து அரசப் படையின் வரலாறே அள்ளி அள்ளித் தருகிறது.

முதலில் அவர் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 1789-இல் அவருக்கு 48 வயது என்று வைத்தால் 1741-இல் பிறந்திருப்பார். பிரான்ஸும் பிரிட்டனும் மோதிய ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1757-இல், 16 வயதுப் பையனாகப் படையில் சேர்ந்து கனடாவுக்குக் கப்பலேறியிருக்க முடியும். அப்படியானால் 1759 செப்டம்பர் 13 அன்று க்யூபெக் நகருக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் அவர் நின்றிருப்பார். அன்று பிரெஞ்சுத் தளபதி மோன்கால்ம், தம் படையில் ஆள் குறைந்திருந்ததால், உள்ளூர்க் குடிகளிலிருந்து திரட்டிய துணைப்படையினரைப் பயிற்சி பெற்ற சிப்பாய்களின் வரிசைகளுக்குள்ளேயே கலந்து நிறுத்தியிருந்தார். அவர்கள் கோழைகள் அல்லர். காட்டுச் சண்டையில் கைதேர்ந்தவர்கள். ஆனால் காட்டில் பழகியபடி, ஒருமுறை சுட்டதும் தரையில் படுத்துக்கொண்டு துப்பாக்கியில் மறுபடி வெடிமருந்து கெட்டிப்பது அவர்கள் வழக்கம். தோளோடு தோள் உரச நடந்துபோக வேண்டிய வரிசையில் இடையிடையே ஆள் படுத்துவிட்டால் வரிசை என்ன ஆகும்? கிழிந்துபோனது. எதிரே பிரிட்டிஷார் துப்பாக்கிக்கு இரண்டு குண்டு போட்டுக்கொண்டு, ஏறத்தாழ 40 தப்படி தூரம் வரும்வரை அசையாமல் நின்று, பிறகு ஒருசேரச் சுட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மோன்கால்ம், பிரிட்டிஷ் தளபதி வுல்ஃப் இருவருமே அந்தக் களத்தில் பட்ட காயத்தால் இறந்தார்கள்.

உங்கள் முதியவரின் ஆசிரியத்தனம் முழுவதற்கும் இந்தக் கால் மணி நேரம் போதும். நாயகன் பயிற்சியில் ஒருமுறை தன் இடத்தை விட்டு அரை அடி நகர்ந்ததற்கு அவர் கன்னத்தில் அறைகிறார் என்று எழுதுங்கள். வாசகர் அதை முரட்டுத்தனம் என்று நினைப்பார், நாயகனும் அப்படித்தான் நினைப்பான். இருநூறு பக்கம் கழித்து, வேறு ஏதோ பேச்சின் நடுவே, படுத்துக்கொண்டு மருந்து கெட்டித்த ஒருவனைப் பற்றி அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும்.

அடுத்த ஆண்டு, 1760 செப்டம்பரில், மொன்றியல் சரணடைந்தது. தோற்ற படைக்கு வழக்கமாகக் கிடைக்கும் மரியாதையை, அதாவது கொடியோடும் முரசோடும் அணிவகுத்து வெளியேறும் உரிமையை, பிரிட்டிஷ் தளபதி ஆம்ஹெர்ஸ்ட் தர மறுத்தார். அதனால் பிரெஞ்சுத் தளபதி லெவி, கொடிகள் எதிரியின் கையில் சிக்கக் கூடாது என்று அவற்றை எரித்துவிட ஆணையிட்டார். பிறகு 1763-இன் பாரிஸ் உடன்படிக்கையில் கனடாவையே பிரான்ஸ் கைகழுவியது. பத்தொன்பது வயதில் தன் கொடி எரிவதைப் பார்த்தவன், தான் காத்த மண்ணைத் தான் பார்த்தே இராத ஆட்கள் மேசைமேல் வைத்து விட்டுக்கொடுத்த செய்தியை இருபத்திரண்டு வயதில் கேட்கிறான். இவரிடம் வந்து ‘சமரசம்’ என்ற சொல்லைச் சொல்கிறவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் அதை இவர் எப்படிக் கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு வந்தவை அமைதிக்காலத்து அவமானங்கள். 1776-இல் போர் அமைச்சர் சான் ழெர்மேன், பிரஷ்யப் படையைப் பார்த்து, சிப்பாய்க்குத் தண்டனையாக வாளின் தட்டைப் பக்கத்தால் அடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். வலியைவிட இழிவுதான் அதில் பெரிது. படை முழுவதும் அதை வெறுத்தது. 1781 மே மாதத்தில் அடுத்த போர் அமைச்சர்களில் ஒருவரான செகூரின் பெயரில் வந்த ஆணை, நேரடியாக அதிகாரிப் பதவி பெற நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்தை நிரூபிக்க வேண்டும் என்றது. கீழிருந்து உயர்ந்த அதிகாரிகள் ஒரு சிலர் அதற்குப் பிறகும் இருந்தார்கள் என்பதால், அந்த ஆணை எல்லாக் கதவையும் சாத்திவிட்டது என்று எழுதினால் தவறாகும். ஆனால் படை யாருடையது என்று அது பச்சையாகச் சொல்லிவிட்டது.

இன்னொரு கணக்கையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். 24 ஆண்டுகள் பணியாற்றிய சிப்பாய்க்கு, குறுக்கே வைத்த இரண்டு வாள்கள் பொறித்த நீள்வட்டப் பித்தளைச் சின்னம் ஒன்றை 1771-இலிருந்து அரசு வழங்கியது. அதைச் சட்டையின் இடது மார்பில் தைத்துக்கொள்வார்கள். 1757-இல் சேர்ந்தவர் 24 ஆண்டை எந்த வருடம் முடிக்கிறார்? 1781-இல். மார்பில் வாள்கள் ஏறிய அதே வருடம், ‘உன் பாட்டனின் பாட்டன் யார்’ என்று படை கேட்கிறது. இந்தப் பொருத்தத்தை நான் வலிந்து உண்டாக்கவில்லை. நாம் வைத்துக்கொண்ட வயதிலிருந்தே அது தானாக விழுகிறது. புரட்சிக்காரர்களின் நூல்களில் ஒரு வரிகூடப் படித்திராத அவரை ஓர் இரகசியக் கூட்டத்தின் வாசலுக்குக் கொண்டுவர இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. (அந்தச் சின்னத்தை மூன்று முறை பெற்ற ழான் துரெல் என்ற சிப்பாய் உண்மையிலேயே இருந்தார். 1716-இல் சேர்ந்து, 1787-இல் மன்னர் முன் நிறுத்தப்பட்டபோதும் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த மூன்று பித்தளைகளின் எடையை என்னால் நினைக்காமல் இருக்க முடிவதில்லை.)

சகோதரத்துவம் என்ற சொல்லுக்கு வருவோம். உங்கள் கற்பனைக் கூட்டத்தில் மெழுகுவர்த்தி, சூளுரை, முக்காடு எல்லாம் இருக்கலாம், தவறில்லை. ஆனால் உங்கள் சிப்பாய்க்குச் சகோதரத்துவம் என்பது அதற்குப் பல ஆண்டு முன்பே, மிக எளிய வடிவத்தில் தெரியும். அரசப் படையின் கொட்டடியில் ஒரு கட்டிலில் இருவர் படுப்பார்கள். அப்படிப் படுக்கையைப் பகிர்ந்தவனைப் ‘படுக்கைத் தோழன்’ என்றே சிப்பாய்கள் அழைத்தார்கள். ஒரே சட்டியில் சமைத்ததை எல்லோரும் சுற்றி நின்று, முறை வைத்து, ஒரு கரண்டி அள்ளிக்கொண்டு பின்னால் நகர்வார்கள். முறை தவறி இரண்டாவது கரண்டி விடுகிறவனுக்கு அங்கே மரியாதை கிடையாது. படையில் சேர்ந்த அன்றே ஒரு புனைபெயரும் கிடைத்துவிடும்: டூலிப் பூ, கவலையற்றவன், இப்படி ஏதாவது. ஊரும் குடும்பப் பெயரும் மறைந்து அதுவே பெயராகிவிடும். ஆகவே சகோதரத்துவம் அவருக்கு மறைபெயர் சூட்டும் சடங்கில் அவர் மெய்சிலிர்த்து நிற்க மாட்டார். ஏற்கெனவே முப்பது ஆண்டுகளாக மறைபெயரில் வாழ்கிறவர் அவர். தலைவர்கள் தத்துவம் பேசும்போது அவர் பார்ப்பது, அவர்களில் யார் இரண்டாவது கரண்டி விடுகிறார் என்பதை மட்டுமே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். புரட்சியையே ஒரு இரகசியச் சங்கம்தான் பின்னாலிருந்து நடத்தியது என்ற கதை, 1797-இல் வெளிவரத் தொடங்கிய பாதிரியார் பாருவேலின் நூலால் பெரிதாகப் பரவியது. பவேரியாவில் 1776-இல் தோன்றி, 1780-களின் நடுவிலேயே தடைசெய்யப்பட்ட இலுமினாட்டிச் சங்கத்தின் மீதும் அவர் பழி போட்டார். வரலாறு அதை ஏற்கவில்லை. புரட்சியை உண்டாக்கியவை ரொட்டி விலை, அரசின் கடன், மேலே சொன்னது போன்ற அவமானங்கள். உங்கள் சகோதரத்துவம் கற்பனையாகவே இருக்கட்டும், ஆனால் நிகழ்ச்சிகளை அது உண்டாக்கியதாகக் காட்டாமல், அவற்றின் ஓரத்தில் தத்தளிப்பதாகக் காட்டினால் உங்கள் சிப்பாயும் பொம்மையாகாமல் தப்புவார்.

இனி அவர் பேச்சு. பெரும்பாலான கதைகள் சறுக்குவது இங்கேதான். வாய்க்கு வாய் வசை, புகைக்குழாய், மேசையில் குத்து என்று எழுதினால் முரட்டுச் சிப்பாய் வந்துவிடுவார் என்று நினைக்கிறார்கள். ஆனால் புரட்சிக்காலப் பாரிஸில் முரட்டுத்தனமே ஒரு வேடமாக விற்பனையானது. தீவிரப் புரட்சியாளர் எபேர் நடத்திய ‘பேர் துஷேன்’ என்ற பத்திரிகை, புகைக்குழாய் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தையில் பொரிந்து தள்ளும் ஓர் அடுப்புத் தொழிலாளியின் குரலில் எழுதப்பட்டது. எழுதிய எபேரோ வசதியான நகைத்தொழில் குடும்பத்தில் பிறந்தவர். போர் அமைச்சகமே அந்தப் பத்திரிகையை வாங்கிப் படைகளுக்கு அனுப்பியது. எபேர் 1794 மார்ச்சில் கில்லட்டினுக்குப் போனார். இதைவிடக் கூர்மையான சான்று 1796-இல் இருக்கிறது. அரசைக் கவிழ்க்கப் பபேஃப் என்ற புரட்சியாளரின் தலைமையில் உருவான ‘சமத்துவர்களின் சதி’ உண்மையான இரகசிய அமைப்பு. பாரிஸின் 12 வட்டாரங்களுக்கும் ஒருவரையொருவர் அறியாத ஆட்களை வைத்து நடந்தது. சிப்பாய்களை இழுக்க அது வெளியிட்ட துண்டறிக்கைகளில் ஒன்று, ஒரு சிப்பாய் தன் நண்பனுக்குப் பச்சையாக எழுதும் கடிதம். படிப்பவருக்கு அதன் கரடுமுரடு அத்தனை உண்மையாக இருக்கும். அதை எழுதியவர் பாரிஸை ஒட்டியிருந்த கிரனெல் படைமுகாமின் கேப்டன் கிரிசல். அந்த அமைப்பு முழுவதையும் அரசின் தலைவர்களில் ஒருவரான கார்னோவிடம் காட்டிக்கொடுத்தவரும் அவரேதான். 1796 மே 10 அன்று பபேஃப் பிடிபட்டார், மறு ஆண்டு தலை துண்டிக்கப்பட்டது.

ஆகவே உங்கள் கதையில் உரக்கத் திட்டும் தேசபக்தர் ஒருவரை வேறு பாத்திரமாக வையுங்கள். உங்கள் முதியவர் அவருக்குப் பக்கத்தில் மௌனமாக உட்கார்ந்திருக்கட்டும். அவருடைய கரடுமுரடு சொற்கள் குறைவாக இருப்பதில் தெரிய வேண்டும்: கேட்டதற்கு மட்டும் பதில், தேவைப்பட்டதற்கு மட்டும் ஆணை.

தமிழில் எழுதும் உங்களுக்கு ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. பிரெஞ்சிலும் நம்மைப் போலவே ‘நீ’ ‘நீங்கள்’ என்ற வேறுபாடு உண்டு. 1793 இலையுதிர் காலத்தில் பாரிஸின் தீவிரப் புரட்சியாளர்கள், ஐயா அம்மா என்ற விளிகளை ஒழித்துக் ‘குடிமகனே’ என்று அழைக்கவும், எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றே பேசவும் வற்புறுத்தினார்கள். அதற்கு முன்பே உங்கள் சிப்பாய் நாயகனைப் ‘பொடிப்பயலே’ என்றும், நாயகன் அவரைப் ‘பெரியவரே, நீங்கள்’ என்றும் பேசி வந்திருப்பார்கள். புது வழக்கம் வந்ததும் நாயகன் தயங்கித் தயங்கி அவரை ‘நீ’ என்று அழைத்துப் பார்க்கும் ஒரு காட்சி, எத்தனை பக்க வருணனையும் தராத நெருக்கத்தையோ முறிவையோ தரும். சகோதரத்துவத்தின் தலைவரை எப்போதும் ‘நீ’ என்றே பேசி வந்த முதியவர், ஒரு நாள் எல்லோர் முன்னிலும் அவரை ‘நீங்கள்’ என்று சொன்னால், விலகிவிட்டார் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் துப்பாக்கித் தோட்டா என்பது வெடிமருந்தும் ஈயக்குண்டும் சுற்றிய காகிதப் பொட்டலம். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, சக்கிமுக்கிக் கல்லின் கீழுள்ள கிண்ணியில் சிறிது மருந்தைக் கொட்டி மூடி, மீதியைக் குழல்வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் கோலால் கெட்டிக்க வேண்டும். முன்பல் இல்லாதவன் அந்த வேலைக்கு உதவ மாட்டான். கடிக்கும்போதெல்லாம் மருந்தின் உப்பும் கரியும் நாக்கில் ஒட்டும், தாகம் எடுக்கும். கிண்ணி வெடித்துச் சிதறும் பொறி வலக்கன்னத்தில் பட்டுப் பட்டு நீலக்கரும் புள்ளிகளாகத் தோலுக்குள்ளேயே தங்கிவிடும். உங்கள் முதியவருக்கு வாள்வெட்டுத் தழும்பு ஒன்றை நெற்றியில் போடுவதற்குப் பதிலாக இந்தப் புள்ளிகளைப் போடுங்கள். இளைஞனின் பல்லைத்தான் அவர் முதலில் பார்க்கட்டும், குதிரை வாங்குகிறவர் பார்ப்பதுபோல.

புரட்சி வெடித்த நாளில் இப்படிப்பட்ட பழைய சிப்பாய்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்? இரண்டு பக்கமும். பாஸ்டில் கோட்டையைக் காத்தவர்களில் பெரும்பாலோர், 82 பேர், காயம்பட்டோ வயதாகியோ ஓய்வில் இருந்த சிப்பாய்களே. கூட இருந்த சுவிஸ் வீரர்கள் 32 பேர். தாக்கிய கூட்டத்துக்கு வழிகாட்டியவர்களில் எலி என்பவர் கீழ்ப்படியிலிருந்து உயர்ந்த அதிகாரி, உலேன் முன்னாள் சார்ஜென்ட். அரசப் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்து, பிறகு நகைத்தொழிலுக்குத் திரும்பிய ரோசின்யோல் அன்று கூட்டத்தில் இருந்தார். பின்னாளில் குடியரசின் தளபதியாகி, பபேஃபின் சதியிலும் சம்பந்தப்பட்டார். நிஜத்தில் உங்கள் பாத்திரத்துக்கு மிக நெருங்கியவர் அவர்தான் என்பேன்.

1792-க்குப் பிந்தைய ஆண்டுகளை நீங்கள் விரைவாகக் கடந்துவிடலாம். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீலச்சட்டை போட்டு வந்த புதிய தொண்டர் படையினரைப் பழைய சிப்பாய்கள் ‘நீலப் பீங்கான்’ என்று கேலி செய்தார்கள், நெருப்பில் வைத்தால் தாங்காது என்ற பொருளில். 1793 பிப்ரவரியில் வந்த சட்டம், ஒரு பழைய பட்டாலியனோடு இரண்டு புதிய பட்டாலியன்களை இணைக்கச் சொன்னது. ஆபிரகாம் சமவெளியைக் கண்டவர் காதில் அந்தச் செய்தி எப்படி விழுந்திருக்கும்? இந்த முறை அந்தக் கலப்பு பலித்தது என்பதையும் அவர் காண நேரும். தன் அச்சம் பொய்த்ததில் மகிழ்ச்சி அடையத் தெரியாத ஒரு மனிதரை அங்கே நீங்கள் காட்டலாம்.

இனி விலகல். அவர் எதற்காகத் திரும்புவார்? பணத்துக்காகத் திரும்பினால் அத்தனை பக்கங்களும் வீண். கொள்கைக்காகத் திரும்பினாலும் பொருந்தாது, ஏனென்றால் கொள்கைக்காக அவர் உள்ளே வரவில்லை. 1790 ஆகஸ்டில் நான்சி நகரில் மூன்று ரெஜிமென்ட்டுகளின் சிப்பாய்கள் கலகம் செய்தபோது அவர்கள் கேட்டது பெரிய தத்துவம் எதையும் அல்ல. தங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு அதிகாரிகள் கணக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். கலகம் ஒடுக்கப்பட்ட பின் ஷாத்தோவியூ என்ற சுவிஸ் ரெஜிமென்ட்டில் இருபதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள், 41 பேர் துடுப்புக்கப்பல் தண்டனைக்கு அனுப்பப்பட்டார்கள். உங்கள் முதியவரும் கணக்குத்தான் கேட்பார். போன மாதம் அனுப்பிய நான்கு பையன்கள் எங்கே, அவர்கள் போகும்போதே திரும்ப மாட்டார்கள் என்று தலைவருக்குத் தெரியுமா? தெரியும் என்ற பதில் கிடைத்த இரவில் அவர் மாறிவிடுவார்.

எப்படித் திரும்புவார் என்பதற்கு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு காட்சியைத் தருகிறேன். 1789 ஜூலையில், பாரிஸ் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற சிப்பாய்களின் இல்லமான இன்வாலிட் மாளிகையில் சுமார் 30,000 துப்பாக்கிகள் இருந்தன. கூட்டத்தின் கையில் அவை கிடைத்தாலும் பயன்படாதபடி, சுடும் பொறியைத் திருகிக் கழற்றும் வேலை அங்கிருந்த இருபது முதியவர்களுக்குத் தரப்பட்டது. யாரும் மறுக்கவில்லை, யாரும் முழக்கமிடவில்லை. ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இருபது துப்பாக்கிகள்தான் கழற்றப்பட்டிருந்தன என்று அரசப் படையின் தளபதி பெசன்வால் எழுதியிருக்கிறார். ஜூலை 14 காலையில் மக்கள் உள்ளே புகுந்து மீதியை எடுத்துக்கொண்டு பாஸ்டிலுக்குப் போனார்கள்.

அந்த இருபது பேரில் ஒருவராக உங்கள் முதியவரை வையுங்கள். காயத்தோடு ஓய்வுபெற்ற 48 வயதுக்காரருக்கு அந்த மாளிகையில் இடம் கிடைத்திருக்கும். நாயகன் அவரை முதன்முதலில் சந்திப்பதே அங்குதான் ஆகட்டும். ஒரு திருகாணியை அவர் மணிக்கணக்காகத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கிழவருக்குக் கை நடுங்குகிறது என்று அவன் நினைக்கட்டும். பிறகு கதை 1796 செப்டம்பருக்கு வரும். பபேஃப் சிறையில் இருக்க, எஞ்சிய புரட்சியாளர்கள் இரவோடு இரவாகக் கிரனெல் முகாமுக்குப் போய்ச் சிப்பாய்களைத் தங்கள் பக்கம் இழுக்க முயன்று, குதிரைப்படையால் சிதறடிக்கப்பட்ட நாட்கள் அவை. அதே வாரத்தில் உங்கள் சகோதரத்துவத்தின் தலைவரும், திரும்பி வர மாட்டார்கள் என்று தெரிந்தே இன்னும் சில பையன்களை அனுப்பத் துணிகிறார். விடிவதற்குள் நாற்பது கைத்துப்பாக்கிகளுக்குப் புதுக் கல் பொருத்தி வைக்கும் பொறுப்பு முதியவரிடம். அவருக்கு இப்போது 55 வயது. விடியற்காலையில் தலைவர் வந்து கதவைத் திறக்கும்போது மேசைமேல் மூன்று துப்பாக்கிகள் மட்டும் தயாராக இருக்கின்றன, நான்காவதின் திருகாணியை அவர் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தலைவர் அதைக் கைநடுக்கம் என்றே எடுத்துக்கொள்வார். அந்த அறையில் நிற்கும் நாயகனுக்கு மட்டுமே அது என்னவென்று தெரியும்.